இணையவழி ஆசிரியரின் நேரம் எங்கே போகிறது: அறிகுறி கண்டு பழுது நீக்கும் வழிமுறை

இணையவழியில் பாடம் நடத்துபவர்களிடம் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்டால், பெரும்பாலானோர் வகுப்பு நேரத்தை மட்டுமே கணக்கிட்டுச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மதுரையில் வீட்டிலிருந்தபடியே ஒரு கல்லூரியின் இணையவழிப் பட்டப்படிப்பில் 68 மாணவர்களுக்குப் புள்ளியியல் அறிமுகப் பாடம் நடத்துகிறேன். சனிக்கிழமைகளில் டொரொண்டோவிலும் லண்டனிலும் வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். இரண்டையும் சேர்த்தால் நேரலை வகுப்பு வாரத்துக்கு ஏழு மணி நேரம்தான். ஆனால் ஒரு வாரம் முழுவதும் குறித்துவைத்துக் கூட்டிப் பார்த்தபோது 41 மணி நேரம் வந்தது: வகுப்பு 7, திருத்துவது 10, செய்திகளுக்குப் பதில் சொல்வது 9, பாடம் தயாரிப்பதும் பதிவு செய்வதும் 11, சில்லறை வேலைகள் 4.

ஆகவே முதல் வேலை, எதையும் மாற்றாமல் ஒரு வாரம் குறித்துவைப்பதுதான். கால் மணிக்கு ஒரு வரி போதும். அந்த வரியில் என்ன வேலை செய்தீர்கள் என்பதைவிட, அந்த வேலையைத் தொடங்கி வைத்தது எது என்பதை எழுதுவது முக்கியம். "மின்னஞ்சல், 20 நிமிடம்" என்று எழுதினால் எந்த வழியும் பிறக்காது. "ஒப்படைப்பின் கடைசித் தேதியைக் கேட்டு மூன்று பேர் எழுதியதால் 20 நிமிடம்" என்று எழுதினால், பழுது மின்னஞ்சலில் இல்லை, நீங்கள் எழுதிய அறிவிப்பில் இருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். வாரக் கடைசியில் கீழ்க்காணும் அறிகுறிகளில் எது உங்கள் குறிப்பில் அதிக இடத்தை அடைத்திருக்கிறதோ, அதை மட்டும் முதலில் சரிசெய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எந்த மருந்து வேலை செய்தது என்பதே தெரியாமல் போய்விடும்.

அறிகுறி: இரவு பதினொரு மணிக்கும் கைப்பேசி அடங்குவதில்லை

மாணவர்கள் உங்களை எத்தனை வழிகளில் எட்ட முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். என் விஷயத்தில் ஐந்து வழிகள் இருந்தன: வாட்ஸ்அப் குழு, தனி வாட்ஸ்அப், மின்னஞ்சல், பாடங்களையும் ஒப்படைப்புகளையும் நடத்தும் மூடில் என்ற கற்றல் தளத்தின் உள்செய்தி, அதே தளத்தின் விவாதப் பக்கம். எந்த இடத்தில் கேட்டால் பதில் வரும் என்பது மாணவருக்குத் தெரியாதபோது அவர் ஐந்து இடங்களிலும் கேட்பார். நீங்களும் ஒரே கேள்வியை ஐந்து முறை படிப்பீர்கள். இதை மாணவர்களின் பொறுமையின்மை என்று எடுத்துக்கொள்வது எளிது, ஆனால் பெரும்பாலும் அது தவறான நோயறிதல்.

பாடம் தொடர்பான கேள்விகளுக்கு விவாதப் பக்கம் ஒன்றையும், மதிப்பெண், உடல்நிலை போன்ற தனிப்பட்ட விஷயங்களுக்கு மின்னஞ்சலையும் வைத்துக்கொண்டு மற்ற வழிகளை மூடிவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவை அறிவிப்புகளுக்கு மட்டும் என்றாக்க, நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பும்படி அதன் அமைப்பை மாற்றினால் போதும். தனி எண்ணுக்கு வருபவற்றுக்கு வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் தானியங்கிப் பதிலும், ஒரு தட்டலில் அனுப்பக்கூடிய விரைவுப் பதில்களும் உண்டு. பாடத்துக்கென்று இரண்டாவது சிம் அட்டை வைத்துக்கொண்டு, அந்த எண்ணில் இந்தச் செயலியை இயக்குவது இன்னும் நல்லது.

கதவை மூடுவது எளிது. மூடிய பிறகு தட்டும் சத்தத்துக்குத் திறக்காமல் இருப்பதுதான் கடினம். "மேம், ஃபைவ் மினிட்ஸ் மட்டும் மேம், திட்ட விலக்கத்துல n-ஆ, n கழித்தல் ஒன்றா மேம்?" என்று இரவு 10.40-க்கு வரும் செய்திக்குப் பதில் எழுத அரை நிமிடம்தான் ஆகும். அந்த அரை நிமிடத்தில், இந்த வழி இன்னும் திறந்துதான் இருக்கிறது என்பதை அவருக்கும், அவர் சொல்லி அவருடைய நண்பர்களுக்கும் நீங்கள் அறிவித்துவிடுகிறீர்கள். நான் அனுப்பும் விரைவுப் பதில் இதுதான்: "நல்ல கேள்வி. இதையே விவாதப் பக்கத்தில் பதிவிடுங்கள்; காலை 8 மணிக்கு எல்லோரும் பார்க்கும்படி விளக்குகிறேன்." கேள்வியை மதிக்கிறேன், இடத்தை மட்டும் மாற்றுகிறேன் என்பது அதில் தெரிய வேண்டும். முதல் இரண்டு வாரங்கள் "மேம் கோபமா இருக்காங்க போல" என்ற பேச்சு எழத்தான் செய்யும், பிறகு அடங்கிவிடும். பதில் சொல்லும் நேரங்களை, காலை 8 மணி, மாலை 5 மணி என்று பாடப் பக்கத்தின் தலைப்பிலேயே எழுதிவையுங்கள். தேர்வு நடக்கும்போது உள்நுழைய முடியாமல் தவிக்கும் மாணவருக்கு மட்டும் அழைப்பு எண் திறந்திருக்கட்டும்.

மூன்று வாரம் கழித்தும் இரவுச் செய்திகள் குறையவில்லை என்றால், உங்கள் பழைய பதில்களின் நேரத்தைப் பாருங்கள். இரவு பத்து மணிக்கு மேல் வந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நான் ஐந்து நிமிடத்துக்குள் பதில் எழுதியிருந்தேன். பழக்கப்படுத்தியது நான்தான்.

அறிகுறி: ஒரே கேள்வி பத்துப் பேரிடமிருந்து வருகிறது

ஒருவர் கேட்டால் அவர் படிக்கவில்லை என்று கொள்ளலாம். மூன்று பேர் கேட்டால் நீங்கள் எழுதியதில் ஓட்டை இருக்கிறது. மூன்றாவது கேள்வி வந்ததும் பதில் எழுதுவதை நிறுத்திவிட்டு, அறிவுறுத்தலைத் திறந்து திருத்துங்கள்.

என் இரண்டாவது ஒப்படைப்பில் முதலில் இப்படி எழுதியிருந்தேன்: "கொடுக்கப்பட்ட தரவைப் பகுப்பாய்வு செய்து அறிக்கை சமர்ப்பிக்கவும்." எத்தனை பக்கம், தமிழிலா ஆங்கிலத்திலா, கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பலாமா, எக்செல் கோப்பையும் இணைக்க வேண்டுமா என்று ஒரு வாரத்தில் 31 செய்திகள் வந்தன. அடுத்த பருவத்தில் அதே ஒப்படைப்பை இப்படி மாற்றினேன்: "40 குடும்பங்களின் மாத மின்கட்டணத் தரவுக்குச் சராசரி, இடைநிலை அளவு, திட்ட விலக்கம் ஆகியவற்றைக் கணக்கிட்டு, இவற்றில் எது இந்தத் தரவை நன்றாக விளக்குகிறது என்பதை ஒரு பக்கத்துக்கு மிகாமல் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி, ஒரே பி.டி.எஃப். கோப்பாக ஏற்றவும், தெளிவாகத் தெரியும் கையெழுத்துப் பிரதியின் படமும் ஏற்கப்படும், எக்செல் கோப்பு வேண்டாம்." அதன் அடியில், முன்பு ஒரு மாணவர் எழுதிய நல்ல விடையைப் பெயர் நீக்கி, அவர் அனுமதியோடு இணைத்தேன். வந்த செய்திகள் நான்கு.

மூடில் பயன்படுத்துவோருக்கு ஒரு சிறு எச்சரிக்கை. விவாதப் பக்கத்தில் இடும் பதிவைத் திருத்துவதற்கு இயல்பாக 30 நிமிட அவகாசம் உண்டு. அந்த அவகாசம் முடிந்த பிறகே அது மாணவர்களின் மின்னஞ்சலுக்குப் போகும். "வகுப்பு இன்று பத்து நிமிடம் தாமதமாகத் தொடங்கும்" என்று அங்கே அறிவித்துவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று வருந்திப் பயனில்லை. உடனே அனுப்பும்படி சொல்லும் தெரிவு பதிவிடும் பக்கத்திலேயே இருக்கிறது.

அறிகுறி: திருத்த வேண்டிய விடைகள் குவிகின்றன

உங்கள் குறிப்பிலும் பெரிய எண் இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு விடைக்குச் சராசரியாக 18 நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தேன். 68 பேருக்கு அது 20 மணி 24 நிமிடம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒப்படைப்பு என்றால், வாரத்துக்குப் பத்து மணி நேரம் இதற்கே போய்விடுகிறது.

"இன்னும் வேகமாகத் திருத்த வேண்டும்" என்று முடிவெடுப்பது தீர்வாகாது. ஐந்து விடைகளை எடுத்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் நேரம் எதற்குச் செலவாகிறது என்று பிரித்துப் பாருங்கள். கோப்பைத் திறப்பதற்கும் மதிப்பெண்ணைப் பதிவதற்கும் ஆகும் நேரம், படிக்கும் நேரம், ஆறா ஏழா என்று யோசிக்கும் நேரம், கருத்து எழுதும் நேரம் என்று நான்கு பகுதிகள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

திறப்பதிலும் பதிவதிலும் நேரம் போகிறது என்றால், எல்லா விடைகளையும் ஒரே தொகுப்பாகப் பதிவிறக்கிக்கொண்டு, மதிப்பெண்களை ஒரு விரிதாளில் நிரப்பித் திரும்ப ஏற்றும் வசதி மூடிலில் இருக்கிறது. இணையம் தடுமாறும் நாளிலும் வேலை நிற்காது.

ஆறா ஏழா என்று யோசிப்பதில் நேரம் போகிறது என்றால், உங்களிடம் மதிப்பீட்டு அளவுகோல் இல்லை, அல்லது இருந்தும் அது மங்கலாக இருக்கிறது என்று பொருள். "விளக்கம் நன்று: 4 மதிப்பெண்" என்பது அளவுகோல் அல்ல. "தேர்ந்தெடுத்த அளவையைப் பெயரிட்டால் 1, அதற்கான காரணத்தைத் தரவிலிருந்து ஓர் எண்ணைக் காட்டி எழுதினால் இன்னும் 2, மற்ற அளவை ஏன் பொருந்தாது என்று சொன்னால் இன்னும் 1" என்பது அளவுகோல். இதை ஒப்படைப்பு தரும் நாளிலேயே மாணவர்களுக்குக் காட்டிவிட்டால், படிக்கும் நேரமும் குறைகிறது. ஏனென்றால் விடைகள் ஓர் ஒழுங்கில் வரத் தொடங்குகின்றன.

கருத்து எழுதுவதில் நேரம் போகிறது என்றால், 20 விடைகளைத் திருத்தியதும் நிறுத்தி, எழுதியவற்றைப் படித்துப் பாருங்கள். ஆறேழு கருத்துகளையே வெவ்வேறு சொற்களில் திரும்பத் திரும்ப எழுதியிருப்பீர்கள். அவற்றை நன்றாக ஒருமுறை எழுதிச் சேமித்துக்கொள்ளுங்கள். மூடிலின் மதிப்பீட்டு வழிகாட்டியிலும் கூகுள் கிளாஸ்ரூமிலும் இதற்கென்று கருத்துத் தொகுப்பு உண்டு. நான் மிக அதிகம் பயன்படுத்துவது இது: "சராசரியைச் சரியாகக் கணக்கிட்டுள்ளீர்கள். ஆனால் 37-வது குடும்பத்தின் கட்டணம் மற்றவற்றைவிடப் பல மடங்கு அதிகம். அதை நீக்கிவிட்டு மீண்டும் கணக்கிட்டால் சராசரி எவ்வளவு மாறுகிறது, இடைநிலை அளவு எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள்." இதன் பின்னால் அந்த மாணவருக்கே உரிய ஒரு வரியை மட்டும் கையால் எழுதிச் சேர்க்கிறேன்.

இன்னொன்று, மாணவர் வாரியாகத் திருத்தாமல் கேள்வி வாரியாகத் திருத்துவது. 68 பேரின் முதல் கேள்வியை முடித்துவிட்டே இரண்டாவதுக்குப் போக வேண்டும். விடை மனத்தில் நிற்பதால் வேகம் கூடுகிறது. முதலில் திருத்திய விடைக்குக் கடுமையும் களைத்த பின் திருத்திய விடைக்குத் தாராளமும் என்ற ஏற்றத்தாழ்வும் குறைகிறது. வெறும் கணக்குக் கேள்விகளை நான் திருத்துவதையே விட்டுவிட்டேன். ஒவ்வொரு மாணவருக்கும் வேறு வேறு எண்களைத் தந்து தானே மதிப்பிடும் கேள்வி வகை தளத்திலேயே இருக்கும்போது, அந்த வேலையை மனிதர் செய்ய வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு விடைக்கு 11 நிமிடம் ஆனது, அதாவது ஓர் ஒப்படைப்புக்கு 12 மணி 28 நிமிடம். அதற்கும் கீழே கொண்டுவர ஒரு பருவத்தில் கருத்தே எழுதாமல் மதிப்பெண்ணை மட்டும் போட்டுப் பார்த்தேன். "ஏன் மேம் ஆறு?" என்ற செய்திகள் வந்து, மிச்சப்படுத்திய நேரத்தை வட்டியோடு எடுத்துக்கொண்டன.

அறிகுறி: தாமத ஒப்படைப்புகள் முடிவில்லாமல் சொட்டிக்கொண்டிருக்கின்றன

மூடிலில் இரண்டு தேதிகள் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று ஒப்படைக்க வேண்டிய தேதி. அது கடந்தாலும் விடையை ஏற்றலாம், தாமதம் என்ற குறி மட்டும் விழும். மற்றொன்று இறுதியாக மூடும் தேதி. அதன் பிறகு, நீங்கள் தனியே நீட்டித்துத் தந்தாலன்றி, ஏற்ற முடியாது. இரண்டாவதை வெறுமையாக விட்டால் பருவம் முடியும்வரை விடைகள் வரும். இரண்டுக்கும் இடையே 72 மணி நேரம் வைத்து, அந்த அவகாசத்துக்குக் காரணம் கேட்பதில்லை என்று அறிவித்துவிடுங்கள். காய்ச்சல், உறவினர் வீட்டுத் திருமணம், மின்தடை என்று ஒவ்வொன்றையும் விசாரித்துத் தீர்ப்பு சொல்லும் வேலை அதோடு போய்விடும்.

அறிகுறி: கால் மணி நேரக் காணொளிக்கு ஒரு நாள் போகிறது

காணொளியின் நீளமே பழுது. ஃபிலிப் குவோ, ஜூஹோ கிம், ராப் ரூபின் ஆகியோர் எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட கட்டுரையில், ஆறு நிமிடத்துக்குள் அடங்கும் காணொளிகளே மாணவர்களை அதிகம் ஈர்த்து வைப்பதாகக் கண்டார்கள். அது மாணவருக்கான செய்தி; ஆசிரியருக்கு அதில் வேறொரு ஆதாயம் இருக்கிறது. பதினான்காவது நிமிடத்தில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் பதினைந்து நிமிடத்தையும் மீண்டும் பேச வேண்டும். ஐந்து நிமிடத் துண்டாக இருந்தால் அந்தத் துண்டை மட்டும் பேசினால் போதும். நாக்குக் குழறலை அப்படியே விடுங்கள், சூத்திரத்தில் பிழை இருந்தால் மட்டும் மறுபதிவு செய்யுங்கள் என்பது நான் எனக்கு விதித்துக்கொண்ட விதி.

"போன வாரம் பார்த்தோம்", "வரும் வெள்ளிக்கிழமைக்குள்" போன்ற சொற்கள் பதிவில் வரவே கூடாது. தேதிகளைப் பாடப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு வெள்ளிக்கிழமையைச் சொன்னதற்காக நான்கு காணொளிகளை மறுபடியும் பதிந்திருக்கிறேன்.

அறிகுறி: மார்ச்சிலும் நவம்பரிலும் பாதி வகுப்பைக் காணவில்லை

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர்களுக்கு மட்டும் வரும் நோய் இது. நம் நேரம் ஆண்டு முழுவதும் மாறுவதில்லை. கனடாவின் பெரும்பகுதியிலும் அமெரிக்காவிலும் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று திருப்பி வைக்கிறார்கள். பிரிட்டனில் அது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். ஆகவே டொரொண்டோவுக்கும் லண்டனுக்கும் வழக்கமாக ஐந்து மணி நேரமாக இருக்கும் இடைவெளி, மார்ச்சில் இரண்டு அல்லது மூன்று வாரமும் இலையுதிர்காலத்தில் ஒரு வாரமும் நான்கு மணி நேரமாகிவிடும்.

இரு ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் என் வகுப்பு டொரொண்டோவில் காலை 10 மணி, லண்டனில் பிற்பகல் 3 மணி, குளிர்காலத்தில் எனக்கு இரவு 8.30. 2025 மார்ச் 15 அன்று வழக்கம்போல் 8.30-க்கு வகுப்பைத் திறந்தேன். லண்டன் பிள்ளைகள் மட்டும் இருந்தார்கள். டொரொண்டோவில் அப்போது மணி 11; அதற்குள் ஒரு தாய் எழுதியிருந்தார்: "ரீச்சர், பிள்ளை ஒரு மணித்தியாலமாப் பாத்துக்கொண்டு இருக்கிறான், இண்டைக்கு வகுப்பு இல்லையோ?"

கூகுள் காலண்டரில் நிகழ்ச்சியை இந்திய நேரத்தில் பதியாமல், ஏதாவது ஓர் ஊரை, என் விஷயத்தில் டொரொண்டோவை, அடிப்படையாகத் தேர்ந்து அந்த நேர மண்டலத்தில் பதியுங்கள். மாற்றம் தானே நடந்துவிடும். இரு ஊர்களும் ஒத்துப்போகாத அந்தச் சில சனிக்கிழமைகளுக்கு, லண்டன் பெற்றோருக்குப் பிப்ரவரி கடைசியிலும் அக்டோபர் நடுவிலும் தேதிகளோடு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.

அறிகுறி: வகுப்பு முடிந்ததும் எதையும் செய்ய முடியாத களைப்பு

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் இதற்கு நான்கு காரணங்களை முன்வைத்தார்: மிக அருகில் தெரியும் முகங்களின் இடைவிடாத பார்வை, திரையில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது, ஓரிடத்தில் கட்டுண்டு கிடப்பது, சைகைகளைப் புரியவைக்கவும் புரிந்துகொள்ளவும் கூடுதலாக உழைப்பது. இரண்டாவதைச் சரிசெய்ய ஒரு நொடி போதும். ஜூமில் உங்கள் உருவத்தை உங்களுக்கு மட்டும் மறைத்துக்கொள்ளலாம். மூன்றாவதற்கு, வகுப்பின் நடுவில் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிட எழுத்துவேலை கொடுத்துவிட்டு எழுந்து நில்லுங்கள். களைப்போடு திருத்த உட்காராதீர்கள். களைப்போடு ஒரு மணி நேரத்தில் ஆகும் வேலை காலையில் 25 நிமிடத்தில் முடிவதை என் குறிப்பு காட்டியது.

அறிகுறி: மேலே உள்ள எல்லாவற்றையும் சரிசெய்தும் நேரம் போதவில்லை

41 மணி நேரம் 29-ஆகக் குறைந்தது. அந்தப் பருவத்தின் இறுதியில் துறைத் தலைவர் அழைத்து, அடுத்த சேர்க்கையில் இன்னும் 40 பேரைச் சேர்க்கலாமா என்று கேட்டார். இணையவழி வகுப்பில் நாற்காலி போட வேண்டியதில்லை என்பதால், 68 பேரும் 108 பேரும் ஒன்றுதான் என்ற எண்ணம் பல இடங்களில் இருக்கிறது. நேரலை வகுப்பைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. திருத்துவதில் உண்மையல்ல. இந்த நிலையில் பழுது உங்கள் பழக்கத்தில் இல்லை, பணியின் அளவில் இருக்கிறது. அதை நீங்கள் அதிகாலையில் எழுந்து சரிசெய்ய முடியாது.

"வேலை அதிகமாக இருக்கிறது, சார்" என்று சொன்னால் எல்லோருக்கும் அப்படித்தான் என்ற பதில் வரும். நான் ஒரு தாளில் மூன்று வரிகளை எழுதி எடுத்துச் சென்றேன். 68 பேர், ஆறு ஒப்படைப்புகள், விடைக்கு 11 நிமிடம்: 74 மணி 48 நிமிடம். 108 பேர், ஆறு ஒப்படைப்புகள்: 118 மணி 48 நிமிடம். 108 பேர், நான்கு ஒப்படைப்புகள்: 79 மணி 12 நிமிடம். இரண்டாவது வரிதான் வேண்டும் என்றால் திருத்துவதற்கு ஓர் உதவி ஆசிரியர் தேவை, இல்லையென்றால் மூன்றாவது வரிக்கு உங்கள் ஒப்புதல் தேவை என்றேன். அவர் தாளைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, விடைக்கு 11 நிமிடம் என்பதை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று மட்டும் கேட்டார். குறிப்பேட்டைக் காட்டினேன். ஒப்படைப்புகள் நான்கு என்று பாடத்திட்டம் திருத்தப்பட்டது.